மடை ஊசி

வெண்பாத்தி என்று ஓர் ஊர். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி, உப்பளங்களுக்கு நடுவில் நூற்றுப் பன்னிரண்டு வீடு. இன்றைக்கு அல்ல; இன்னும் முப்பது நாற்பது வருஷம் கழித்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மழை குறைந்துபோயிற்று. கடல் மண்ணுக்கடியிலேயே ஊருக்குள் வந்துவிட்டது. கிணறு உப்பு, போர் உப்பு. லாரித் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் வரும். அந்த ஒரு நாளில் நடக்கும் சண்டையை நான் விவரிக்கப்போவதில்லை, உங்களில் பாதிப்பேர் அதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்த ஊருக்குத்தான் மடை ஊசி வந்தது.

ஊசிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது. ஆனால் தவசிமுத்து ஊர்க்காரர்களுக்கு விளக்கிய விதத்தில் இந்தப் பெயர் நின்றுவிட்டது. தவசிமுத்து அதே ஊர்க்காரன். நர்ஸிங் படித்தவன். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு அந்த ஊருக்குள் வந்த முதல் ஆள். ஊசித் திட்டக்காரர்கள் அவனைத்தான் அமைப்பாளராக வைத்திருந்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரையும் உட்காரவைத்து அவன் சொன்னான்:

"நம்ம ஒடம்பும் பாத்தி பாத்தியாத்தான் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத பாத்தி, கோடி கோடியா. படிச்சவங்க அதை செல்லுன்னு சொல்லுவாங்க. ஒவ்வொரு பாத்தியச் சுத்தியும் ஒரு வரப்பு. வரப்புல மடை. எந்தப் பக்கம் உப்பு கூடுதலோ அந்தப் பக்கம் தண்ணி ஓடிரும். அதனாலதான் கடத்தண்ணியக் குடிச்சா உள்ள இருக்க தண்ணியும் வெளிய ஓடி நாம வத்திப்போறோம். இந்த ஊசி மடைய மாத்தி வைக்கும். பெறவு நம்ம போர்த்தண்ணியே நமக்குக் குடிதண்ணி."

உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. பள்ளிக்கூட வாத்தியாருக்குப் புரிவதற்கு முன்னால் உப்பு வாருகிறவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் யாரும் எழுந்திருக்கவில்லை. அப்போது தவசிமுத்து சட்டைக் கையைச் சுருட்டி, முதல் ஊசியைத் தானே போட்டுக்கொண்டான். நாற்பது நாள் கழித்து அதே மைதானத்தில் ஒரு டம்ளர் கடல் தண்ணீரை எல்லோரும் பார்க்கக் குடித்துக் காட்டினான். பிறகு கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். அவன் அக்கா பேச்சித்தாய் ஓடிப்போய் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றான். அவளும் தலையில் துண்டைப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

பேச்சித்தாய்க்கும் அவனுக்கும் பத்து வருஷ வித்தியாசம். தாய் சாகும்போது அவனுக்கு நாலு வயது. அளத்து வரப்பில் ஒரு குடையை ஊன்றி, அதன் நிழலில் அவனை உட்காரவைத்துவிட்டுத்தான் அவள் உப்பு வாரினாள். நிழல் நகர நகர வாருபலகையைப் போட்டுவிட்டு வந்து குடையை நகர்த்தி வைப்பாள். அப்படி வளர்த்த தம்பி. அவன் குடித்ததைப் பார்த்து இரண்டாவதாகக் கை நீட்டியவள் பேச்சித்தாய். அவள் நீட்டியதைப் பார்த்து அவள் புருஷன் பால்வண்ணன் நீட்டினான். பக்கத்து வீட்டு உச்சிமாகாளி நீட்டினாள். ஒரு வாரத்தில் ஊரே நீட்டியிருந்தது.

பிழைப்பும் லேசாயிற்று என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அடிபம்பில் வருகிற தண்ணீரை அப்படியே குடித்தார்கள். வெயிலில் மயங்கி விழுகிறவர்கள் குறைந்தார்கள். குழம்புக்கு உப்புப் போடுகிற வேலை மிச்சம் என்று உச்சிமாகாளி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். லாரி நின்றுபோனது. யாரும் அதைக் கேட்கவில்லை.

பன்னிரண்டு வயது நிறையாத பிள்ளைகளுக்கு மட்டும் ஊசி கிடையாது. அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் தலைக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் தினமும் கிடைக்கும். அதற்குப் பிள்ளைத் தண்ணி என்று பெயர். பெரியவர்கள் அதைத் தொடமாட்டார்கள். யாரும் சட்டம் போடவில்லை. பிள்ளையின் வாயிலிருந்து எடுப்பதா என்ற கூச்சம்தான். எப்போதாவது டவுனுக்குப் போய் இரண்டு டீ, ஒரு சர்பத் குடித்துவிட்டு வந்தால் தலை வலிக்கும். வருஷம் ஆக ஆக வலி கூடியது. பஸ் ஒத்துக்கொள்ளவில்லை, டவுன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டு படுத்துவிடுவார்கள்.

ஐந்து வருஷம் போனது.

அந்த வருஷம் ஆனி மாதம் பால்வண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீருக்கு அலைந்த நாளில் ஏற்பட்டது. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு செம்பு நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். பழம் வாங்கிப் போவதைவிட அதுதான் அங்கே மரியாதை. இப்போது நல்ல தண்ணீர் என்றால் பிள்ளைத் தண்ணிதானே. ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் குடத்திலிருந்து மொண்டு கொண்டுவந்தாள். முதல் செம்பு உச்சிமாகாளியுடையது. அன்று மத்தியானத்துக்குள் வாசல் ஓரமாகப் பதினேழு செம்பு வரிசையாக நின்றது.

பேச்சித்தாய்க்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. டவுனில் இருந்த தம்பிக்குப் போன் போட்டு, அத்தானுக்குக் காய்ச்சல், ஊரே நல்ல தண்ணி கொண்டாந்து வச்சிருக்கு, பதினேழு செம்பு, குடுத்துக்கிட்டே இருக்கேன் என்று பெருமையாகச் சொன்னாள். லைன் போய்விட்டதோ என்று அவள் இரண்டு தடவை அலோ சொன்னாள். பிறகு அவன், "சரிக்கா," என்றான். வைத்துவிட்டான்.

பால்வண்ணனுக்குத் தலைவலி என்றார்கள். காய்ச்சல் சூடு என்று இன்னொரு செம்பு கொடுத்தார்கள். விரல்கள் தடித்தன. கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்தது. பிதற்ற ஆரம்பித்தபின் ஆட்டோவில் போட்டுத் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலையில் இறந்துபோனான்.

ஆஸ்பத்திரியில் நசீமா என்று ஒரு டாக்டர், வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் பேச்சித்தாயை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கையில் ஊசித் திட்டத்தின் தடித்த புத்தகம். ஊருக்கு யாரும் அதைக் காட்டியதில்லை.

"அம்மா, ஊசி போட்டவங்களுக்கு நல்ல தண்ணி கொடுக்கக் கூடாதுன்னு யாருமே சொல்லலையா?"

பேச்சித்தாய்க்கு விளங்கவில்லை. டாக்டர் மெதுவாகச் சொன்னாள். மாற்றிவைத்த மடை உப்போடு சேர்த்துத்தான் தண்ணீரை வெளியே விடும். வெறும் நல்ல தண்ணீர் உள்ளே போனால் வெளியேற வழியில்லை. உள்ளே இருக்கும் உப்பைத் தேடி ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இறங்கும். செல் ஊதும்.

"கை கால் ஊதினா இடம் இருக்கு. மண்டைக்குள்ள இடம் இல்லம்மா."

ஒரு வாய் இரண்டு வாய் என்றால் தலைவலியோடு போய்விடும். செம்பு செம்பாகக் குடித்தால் இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். உடனே உப்பைக் கொடுத்தால் சிலர் தப்பலாம். வருஷம் ஆக ஆக மடை இறுகும், திருப்பி மாற்ற முடியாது. எல்லாம் பதினாலாம் பக்கத்தில் இங்கிலீஷில் பொடி எழுத்தில் இருந்தது. நல்ல தண்ணீரில் உப்பைக் கரைத்துக் குடித்தால் ஆகாதா என்று பேச்சித்தாய் கேட்டாள். வெறும் உப்புப் போதாது, கடல் தண்ணீரில் இருக்கிற மற்ற கசப்பெல்லாம் சேர்ந்தால்தான் அந்த மடை திறக்கும் என்றாள் டாக்டர். உப்பு எடுத்தபின் பாத்தியில் மிஞ்சுகிற கசப்பு நீரைப் பேச்சித்தாய்க்குத் தெரியாதா. உங்கள் ஊர்த் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டு போனால் நாலு நாள் வெளியூரில் இருக்கலாம், குடியிருக்க முடியாது என்று டாக்டர் சொல்லி முடித்தாள்.

பேச்சித்தாய் இதை யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள், நீங்களே சொல்லுங்கள். பதினேழு வீட்டுப் பெண்கள், தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு செம்பு குறைத்துக் கொண்டுவந்த தண்ணீர். அன்றிலிருந்து உச்சிமாகாளி காலையும் ராத்திரியும் வந்து சோறாக்கிப் போடுகிறாள், அடுப்பைப் பேச்சித்தாயைத் தொடவிடவில்லை. அவள் முகத்தைப் பார்த்து எந்த வாயால் சொல்வது? மகள் பொன்னிலாவிடமும் சொல்லவில்லை. அவளும் தன் குடத்திலிருந்து அப்பாவுக்கு மொண்டு கொடுத்தவள்தான். தம்பி வரட்டும், அவனிடம் சொல்லி, அவன் திட்டக்காரர்களிடம் சொல்லி, ஊருக்கு நல்லபடியாக எடுத்துச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

அவனுக்கும் தெரியாது என்றுதான் நினைத்தாள், பாவம். அவனும் ஊசி போட்டவன்தானே. டவுன் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊர்த் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டு போகிறவன்.

சாவுக்கு வர முடியவில்லை என்று சொல்லியிருந்த தவசிமுத்து ஆறாம் நாள் காலை பதினொரு மணிக்கு வந்தான். பேச்சித்தாய் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பொன்னிலா மாமாவைப் பார்த்ததும் அழுதாள், அவனும் அழுதான். பிறகு, வெயிலில் வந்த மாமாவுக்கு அவள் தன் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு கொடுத்தாள். அவன் அண்ணாந்து குடித்தான். இன்னும் அரைச் செம்பு கேட்டு வாங்கிக் குடித்தான்.

பேச்சித்தாய் உள்ளே வந்தபோது பிள்ளை வெறும் செம்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

எந்தக் குடத்திலிருந்து மொண்டாய் என்று கேட்டாள். பொன்னிலா தன் குடத்தைக் காட்டினாள். பிள்ளையைப் பயமுறுத்தக் கூடாது என்று உச்சிமாகாளி வீட்டுக்கு ஒரு வேலை சொல்லி அனுப்பினாள். தம்பியைப் பாயில் படுக்கச் சொன்னாள். உப்பு மரவையை எடுத்துவந்து ஒரு பிடியை அவன் உள்ளங்கையில் வைத்து, நக்கு என்றாள். அவன் நக்கினான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். மோதிரத்தைத் திருகிப் பார்த்தாள், சுற்றியது. தலை வலிக்குதா என்றாள். இல்லை என்றான். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். வேண்டாம் என்றான். ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், அந்த டாக்டர் நல்லவள் என்றாள். அதற்கு அவன் சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "வேண்டாங்கேன்லா," என்றான்.

பன்னிரண்டு மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. அவள் அவன் கையை விடவில்லை. நாலு வயதில் அவனுக்கு அம்மை கண்டபோது இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். கட்டின அவியளைத்தான் விட்டேன், இவனையாவது கொடு என்று மனசுக்குள் ஆரம்பித்தவள், பாதியில் நின்றாள்.

இரண்டு மணி ஆகியிருந்தது. மோதிரம் இன்னும் சுற்றியது.

அதைவிட வேறொன்று அவளுக்கு உறைத்தது. படு என்றதற்குப் படுத்தான். உப்பை நக்கு என்றதற்கு நக்கினான். ஒரு செம்பு நல்ல தண்ணீர் குடித்ததற்கு எதற்காக இத்தனை பாடு என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அவள் அவன் கையைப் பாயின் மேல் வைத்தாள்.

"ஒனக்கு ஊசி போடல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லு தவசி."

"மொத ஊசி காட்டுறதுக்குத்தான்னு சொன்னாங்கக்கா. உள்ள வெறும் சத்துத்தண்ணி. மாத்தி வச்சா திருப்ப முடியாதுன்னு எனக்கு அப்பமே தெரியும். பயமா இருந்துச்சு."

"கடத்தண்ணிய குடிச்சியே."

"ஒரு டம்ளர் யாரும் குடிக்கலாம்."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவன் நெற்றியைப் பிடித்த தன் கையை அவள் பார்த்துக்கொண்டாள். அந்தக் கையைத்தான் மறுநாள் ஊசிக்கு நீட்டினாள்.

நல்ல தண்ணீர் ஆகாது என்பது மூன்றாம் வருஷம்தான் தெரியும் என்று அவன் சொன்னான். மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தானாம். வருஷா வருஷம் எழுதிக் கேட்டானாம். அவள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை.

"அன்னைக்குப் போன் போட்டேன். பதினேழு செம்பு நிக்குன்னு சொன்னேன். நீ சரின்னு சொன்ன."

"அடுத்த வாரம் இன்னும் நாப்பது ஊருக்குக் கையெழுத்து ஆகப்போவுது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாம் நின்னுபோவும்."

"நின்னுட்டுப் போட்டுமே."

அவன் கொண்டுவந்த பையின் வாய் திறந்திருந்தது. உள்ளே திட்டத்தின் டேப், திரையில் வெளிச்சம் காட்டிக்கொண்டு கிடந்தது. அதில் பொன்னிலாவின் படம், பெயர், வயது பன்னிரண்டு. கீழே தாயின் கைரேகைக்கு ஒரு சின்னக் கட்டம். வியாழக்கிழமை முகாம். அதற்குத்தான் துக்க வீட்டுக்கு வந்திருக்கிறான்.

"இவளுக்குமா?"

"எல்லாப் பிள்ளைக்கும் போட்டுட்டு நம்ம வீட்டுப் பிள்ளைய மட்டும் விட்டா கேள்வி வரும்லாக்கா."

அவள் அவனை அடித்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அவள் அடிக்கவில்லை. நாலரை மணி வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அளத்து வேலை விட்டுத் தெரு நிறைந்தபின் எழுந்து, குடத்திலிருந்து ஒரு செம்பு நல்ல தண்ணீர் மொண்டாள். வா என்றாள். அவன் எங்கே என்று கேட்கவில்லை.

அடிபம்பு பக்கத்தில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அவள் செம்பைத் தம்பி கையில் கொடுத்து, ஊசி போட்ட கதையை நீயே உன் வாயால் சொல், சொல்லிவிட்டு இதைக் குடி என்றாள். தவசிமுத்து சொன்னான். முதலில் சத்தம் எழும்பவில்லை, இரண்டாம் தடவை சொல்லவேண்டியிருந்தது. குடித்தான். தெரு பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு பேச்சித்தாய் பதினாலாம் பக்கத்தில் இருந்ததைச் சொன்னாள், டாக்டர் சொன்னபடியே, மடை, உப்பு, மண்டைக்குள் இடமில்லாதது எல்லாம்.

உச்சிமாகாளி குடத்தைக் கீழே வைத்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. "மொத செம்பு நானுல்லா கொண்டாந்தேன்," என்றாள்.

பேச்சித்தாய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அவியளக் கொன்னது ஒங்க தண்ணி இல்ல மதினி. சொல்லாம இருந்த வாய்."

தவசிமுத்து மேல் யாரும் கை வைக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் அவன் கிட்ட வந்து, அவன் சட்டைக் கையைச் சுருட்டி, அந்த ஊசித் தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டுப் போய்விட்டார். குடத்தோடு நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். பம்படியில் அவன் தனியாக நின்றான்.

வியாழக்கிழமை பந்தல் போட்டார்கள். நாற்காலி போட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அந்த வருஷம் பதினொரு பேர். ஒருத்தர்கூடப் போகவில்லை. திட்டக்காரர்கள் கோபப்படவில்லை. விதிப்படி பன்னிரண்டு வயது முடிந்தவர்களுக்குப் பிள்ளைத் தண்ணி கிடையாது என்று மட்டும் அறிவித்துவிட்டு, பந்தலைப் பிரித்துக்கொண்டு போனார்கள். மறுநாளே பதினொரு குடம் குறைந்தது. நாலைந்து நாள் தம்பி தங்கைகளின் குடத்தைப் பகிர்ந்து சமாளித்தார்கள். அதற்கு மேல் முடியவில்லை.

நசீமா டாக்டர் எங்கெங்கோ பேசி, மேற்கே மலையடிவாரத்தில் ஒரு விடுதியில் இடம் வாங்கிக் கொடுத்தாள். ஆற்றுத் தண்ணீர் இன்னும் ஓடுகிற ஊர். பிள்ளைகளோடு கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஊர் ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். தெரு கூடிப் பேசியது. நான் போகிறேன் என்று ஒவ்வொரு தாயும் சொன்னாள், சொல்லி முடிப்பதற்குள் நிறுத்திக்கொண்டாள். நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும், அந்த மலையடிவார ஊரில் நாலு நாளுக்கு மேல் உயிரோடு இருக்கக்கூடிய பெரியவர் இல்லை.

அப்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் நினைவுக்கு வந்தான். யாரும் பெயரைச் சொல்லவில்லை. கடைசியில் பேச்சித்தாய்தான் சொன்னாள்.

புதன்கிழமை காலை பஸ் வந்தது. தவசிமுத்து வேலையை விட்டிருந்தான், விட்டார்களோ அவனாக விட்டானோ தெரியாது. பிள்ளைகளின் பெட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றினான். தாய்மார்கள் அவன் கையில் கொடுக்கவில்லை, கீழே வைத்தார்கள், அவன் எடுத்துக்கொண்டான். பொன்னிலா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மாமாவோடு அவள் பேசுவதில்லை. லீவுக்கு வந்தால் தனக்கு யார் தண்ணீர் தருவார்கள் என்று கேட்டாள். நீ கொண்டுவா, நான் அங்கே வரும்போது என் தண்ணீரை நான் கொண்டுவருகிறேன், நாலு நாள் இருப்பேன் என்று பேச்சித்தாய் சொன்னாள்.

பஸ் கிளம்பும்போது தவசிமுத்து படியில் நின்றபடி கேட்டான்.

"என்னைய நம்பி அனுப்புதியாக்கா?"

"நம்பி இல்ல," என்றாள் பேச்சித்தாய். "அந்தத் தண்ணி ஒனக்கு மட்டுந்தான் ஒத்துக்கிடும்."

அவன் உள்ளே போனான். பொன்னிலா உட்கார்ந்திருந்த பக்கம் வெயில் அடித்தது. அவன் தன் துண்டை எடுத்து அந்த ஜன்னலில் செருகிக் கட்டினான். வண்டி திரும்பியது, வெயில் அடுத்த ஜன்னலுக்குப் போயிற்று. அவன் எழுந்து துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தது வரைக்கும் பேச்சித்தாய்க்குத் தெரிந்தது. அதற்கப்புறம் புழுதி.